கொடி இல்லாத வீடு

"வோலா! வெளியே வா!"

வட்டாரத் தலைவர் ராட்சிம்பா குரல் கொடுத்தால் ஆன்ட்சிராபே நகரத்தின் அந்த மேட்டுத் தெருவில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான். எல்லா வீட்டுக் கதவும் திறந்தன.

அரிசிப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த வோலா, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜூன் மாதக் குளிருக்குப் போர்வையைத் தலையோடு போர்த்தியிருந்தாள்.

"இன்னிக்கு என்ன நாளு?"

"விடுதலை நாளுங்கய்யா."

"உன் வீட்டு வாசல்ல என்ன பறக்குது?"

வோலா நிமிர்ந்து பார்த்தாள். மூங்கில் கம்பு மட்டும் மொட்டையாக நின்றது.

"ஒண்ணும் பறக்கலைங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராட்சிம்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"தெருவுல எல்லா வீட்டுலயும் கொடி பறக்குது. இடிஞ்சு விழப்போற வீட்டுல கூடப் பறக்குது. இன்னும் கொஞ்ச நேரத்துல மேயர் இந்த வழியா வர்றாரு. உனக்கு மட்டும் என்ன கேடு?"

"நேத்து சாயங்காலம் பறந்துச்சே தலைவரே!" என்றான் எதிர்வீட்டு நைவோ. ரிக்‌ஷா இழுப்பவன். வாய் சும்மா இருக்காது. "பிள்ளைங்க காகித விளக்கு தூக்கிட்டுப் போனப்போ நான் பார்த்தேனே. ராத்திரியோட ராத்திரியா அடுப்புத் துணி ஆக்கிட்டியா அக்கா?"

மறுபடியும் சிரிப்பு.

"துவைச்சேன். காயலை" என்றாள் வோலா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"விடுதலை நாள் அன்னிக்கா கொடி துவைப்பாங்க? எங்க தாத்தா நாற்பத்தேழு கலகத்துல காட்டுல கிழங்கைத் தின்னுட்டு பிரெஞ்சுக்காரனோட சண்டை போட்டாரு, தெரியுமா? எதுக்கு? நீ அந்தக் கொடியைத் துவைச்சுக் காயப் போடறதுக்கா?"

தாத்தா கிழங்கு தின்ற கதையை அந்தத் தெரு வருஷா வருஷம் கேட்டிருக்கிறது. கிழங்கு ஒவ்வொரு வருஷமும் சிறுத்துக்கொண்டே போகும். ஆனால் இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. தலைவர் சொல்வதில் நியாயம் இருந்தது.

"தப்புதாங்கய்யா."

"தப்புன்னா ஆச்சா? உன் பொண்ணு ஃபராவுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு, குடியிருப்புச் சான்று வேணும்னு கேட்டியே?"

வோலா சட்டென்று தலை நிமிர்ந்தாள். "திங்கக்கிழமை அதைக் கட்டாயம் கொடுத்தாகணுங்கய்யா. இல்லைன்னா இடம் போயிரும்."

"போகட்டும். நாட்டோட கொடியை மதிக்காதவ என் வட்டாரத்துல குடியிருக்கான்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் ஆபீஸ் பக்கம் வந்துராதே."

வோலாவின் முகம் வெளுத்துவிட்டது. புருஷன் போன பிறகு பணியாரச் சட்டியே கதியென்று கிடந்து அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தவள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். தெருக்கோடியில் இருந்த தலைவர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சரிங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

காலில் விழுந்து கெஞ்சுவாள், கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு அப்புறம் மன்னிக்கலாம் என்று நினைத்திருந்த ராட்சிம்பாவுக்கு அது இன்னும் எரிச்சலாகிவிட்டது. திமிர் பிடித்தவள்!

மேயர் வந்தார். தலைவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கி, கொடியைப் பார்த்து, "தலைவர்னா இப்படி முன்மாதிரியா இருக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் கை குலுக்கினார். ராட்சிம்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மதியம் மரவள்ளி இலையும் பன்றிக்கறியுமாகச் சாப்பாடு. மனைவி ஹன்தா சோற்றை அள்ளி வைக்க, அவர் வாய் ஓயாமல் பேசினார்.

"இந்தத் தெருவுல ஒருத்தி மட்டும் என் மானத்தை வாங்கப் பார்த்தா. பணியாரக்காரி. வீட்டுல கொடியே கட்டலை! விடுவேனா? நடுத்தெருவுல நிக்க வெச்சுக் கிழிச்சுட்டேன். பொண்ணோட சான்றுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன்."

ஹன்தாவின் கை அப்படியே நின்றது.

"அவ... ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தைச் சொல்லுவா? துவைச்சேன், காயலைன்னா. பொய்! முழிச்ச முழியிலேயே தெரிஞ்சுது."

ஹன்தா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"போன வருஷம் நம்ம கொடியை இறக்கினப்போ எங்கே வெச்சீங்க?"

"அரிசி மூட்டைக்குப் பின்னால. ஏன்?"

"விடியக்காலையில எடுத்துப் பார்த்தேன். எலி கடிச்சுக் கந்தல் கந்தலா இருந்துச்சு. நீங்க அதுக்குள்ள மேயரை வரவேற்கிற ஏற்பாட்டைப் பார்க்கக் கிளம்பிட்டீங்க. கடையும் திறக்கலை. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அவகிட்ட ஓடினேன்."

ராட்சிம்பா மெல்லுவதை நிறுத்தினார். அவர் பார்வை ஜன்னல் வழியே வாசலுக்குப் போனது. வெள்ளையும் சிவப்பும் பச்சையுமாகக் கொடி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிராதேன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்" என்றாள் ஹன்தா. "'தலைவர் வீட்டுல கொடி இல்லைன்னா தெருவுக்கே அவமானம் அக்கா, என் வீட்டுல இல்லைன்னா எனக்கு மட்டும்தானே'ன்னு சொல்லி, அவளே கம்புலேருந்து அவுத்துக் கொடுத்தா."