கடைசியில் வருவது

அன்று மலையில் இருந்தவர்கள் பதினொரு மான்களும் இரண்டு ஓநாய்களும். மான்களில் ஒன்று நொண்டி.

மேலே பனி விழுந்து புல்லை மூடிவிட்டது. கீழே பள்ளத்தாக்கில் புல் இருந்தது. அங்கே போகக் கணவாய் ஒன்றுதான் வழி. முன்பெல்லாம் ஓநாய்கள் மலை முழுக்க மான்களைத் துரத்தித் திரிந்தன. பிறகு புத்தி வந்து, முதல் பனி விழுந்ததுமே கணவாயில் போய்ப் படுத்துக்கொண்டன. கூட்டம் பயந்து ஓடும். கடைசியில் தனியாக வருவதை ஓநாய்கள் பிடித்துக்கொள்ளும்.

"என்னை விட்டுவிட்டுப் போங்கள்" என்றது நொண்டி மான்.

"நீ முன்னால் நட. உன்னை யாரும் தாண்ட மாட்டார்கள்" என்றது மூத்த பெண்மான்.

கூட்டம் நொண்டியின் நடைக்கு நகர்ந்து கணவாய்க்கு வந்தது. பெரிய ஓநாய் கொட்டாவி விட்டது.

"என்ன அத்தை, சாமி ஊர்வலமா? இவ்வளவு மெதுவாக?"

"ஓடினால் உனக்குத்தானே வசதி?" என்றது பெண்மான்.

"இந்த வருஷமும் இதே வழிதானா?"

"இது எங்கள் வழி. நீதான் வந்து படுத்திருக்கிறாய்."

"போங்கள், போங்கள். கடைசியில் வருவது எங்களுக்கு."

ஓநாய்கள் காத்திருந்தன. நொண்டி தாண்டிப் போனது. குட்டிகள் போயின. பெண்மானும் போனது. கடைசியில் வந்தது, கொம்பு விரிந்த கிடா மான். அது ஓநாய்களின் எதிரே நின்று தலையைத் தாழ்த்தியது. சின்ன ஓநாய் இரண்டடி பின்வாங்கியது. பெரியது எழுந்திருக்கவே இல்லை.

பள்ளத்தாக்கில் எண்ணியபோது மான்கள் பதினொன்று. கணவாயில் மிச்சம் இரண்டு.