முதலில் வந்த புறா

மாடத்தி என்ற பெண்புறாவுக்கு அன்று பொழுது சாய்வதற்குள் முட்டையிட்டாக வேண்டும். இடம் தேடி, நகரத்தின் ஓரத்தில் இருந்த ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பறந்து வந்தது.

ஏ பிளாக்கில் ஏசி பெட்டி மேல் உட்கார்ந்திருந்த கிழட்டுப் புறா கழுத்தை உப்பவைத்தது. "இங்கே முதல்ல வந்தது நாங்கதான். அப்போ எதிரே ஏரி தெரியும், காத்து பிச்சுக்கிட்டுப் போகும். பி பிளாக்கைக் கட்டினானுங்க, எல்லாம் போச்சு. உனக்கெல்லாம் இடமில்லை, போம்மா!"

பி பிளாக் புறாவோ, "ஏரி எங்க பக்கம்தான் தெரிஞ்சுது. சி பிளாக் ஆளுங்க வந்துதான் இந்த இடமே சந்தையாயிடுச்சு" என்று சிறகால் தள்ளியது.

"ஏங்க்கா, வயித்துல முட்டையோட நிக்கிறேன். உங்ககிட்ட ஏரிக் கதையா கேட்டேன்?" என்றது மாடத்தி. பலனில்லை.

சி பிளாக்கில் பால்கனிக்கெல்லாம் வலை கட்டியிருந்தார்கள். கடைசியில், பெயின்ட் வாசம்கூடப் போகாத டி பிளாக்கில், ஒரு ஏசி பெட்டிக்குப் பின்னால் இடம் கிடைத்தது. நாலு துடைப்பக்குச்சியையும் ஒரு துண்டு ஒயரையும் பரப்பி, முட்டையை இட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தது மாடத்தி.

முட்டையின் சூடு ஆறவில்லை, அதற்குள் இன்னொரு புறா வந்து இறங்கி, அலகிலிருந்த குச்சியைக் கீழே வைத்தது. "அக்கா, பக்கத்துல கொஞ்சம் இடம் கிடைக்குமா? எனக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு."

மாடத்தி, ஈ பிளாக்குக்காக எதிரே தோண்டியிருந்த பள்ளத்தைப் பார்த்து ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது.

"இடமா? அந்தக் காலத்துல இங்கே எவ்வளவு அமைதியா இருக்கும் தெரியுமா, தங்கச்சி?" என்று ஆரம்பித்தது.