பசையிட்ட பக்கங்கள்

வேதத்தின்மேல் கைவைத்துச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. கோயிலைப் பெருக்கும் அம்மாள் பீடத்தின் மேலிருக்கும் பழைய வேதாகமத்தைத் திறக்கிறாள். அடிமைகள் தப்பித்துப் போகும் பக்கங்களை எங்கள் தாத்தாக்கள் படித்துவிடக் கூடாதென்று அந்நாளைய துரை பசையிட்டு ஒட்டிவிட்டார். அவற்றின் விளிம்பில் கெட்டிலின் ஆவியைக் காட்டுகிறாள். ஜன்னல் வெயிலில் அது பொன்னாகச் சுருள்கிறது. "பிரிச்சா உனக்கு வேலை போயிடும்மா" என்கிறார் போதகர். "போகட்டுங்கய்யா. கடவுள் பேசினதை மூடிவைக்கத் துரை யாரு? எசமானுக்குக் கீழ்ப்படிங்கற பக்கத்துல மட்டும் ஒரு சொட்டுப் பசை காணோமே!" முதல் தாள் விடுபடுகிறது. உள்ளிருந்து கடல் இரைந்து வாசல்வரை பாய்கிறது. மூலையில் நிற்கும் துரையின் சலவைக்கல் சிலை அங்கியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறது. அவள் உரக்க வாசிக்கிறாள்.

அன்று அவள் கெட்டிலோடு வந்தபோது கோயிலைப் பூட்டி, அவளை உள்ளே விடாமல் நின்ற போதகர் நான்தான்.