பக்கத்துக் கடைச் சாவி

“பக்கத்துக் கடைச் சாவி உன்கிட்ட எப்படி வந்துச்சு?”

முத்தவல்லி போட்ட அதட்டலில் டைலரின் தையல் மெஷின் சட்டென்று நின்றது.

“தப்புதாண்ணே. உங்ககிட்ட கேக்காம செஞ்சுட்டேன்.”

“கேட்டா மட்டும் விட்டிருவேனா? இது வக்ஃபு நிலம்டா. யாரோ ஒரு புண்ணியவான் அல்லாவுக்குன்னு எழுதி வெச்சது. இந்தக் கடைங்க வாடகையிலதான் அநாதைப் பிள்ளைங்க படிக்குது. இதுலயா கை வெப்பே?”

வக்ஃபு சொத்தைப் பார்த்துக்கொள்ளும் முத்தவல்லி கறார் பேர்வழி. சொந்தத் தம்பிக்கே கடை தர மறுத்தவர். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அந்தக் கடிகாரமும் அவரைப் போலத்தான், ஒரு நிமிஷம் பிசகாது.

புகார் கொண்டுவந்த எதிர்க்கடை செல்போன்காரன் தூபம் போட்டான்.

“வாட்ச் ரிப்பேர்காரர் கை கால் விழுந்து ஆஸ்பத்திரியில கிடக்கறாரு. இவன் தினமும் ஷட்டரைத் தூக்கிடறான். ரெண்டு கடையையும் ஒண்ணாக்கப் பாக்கறான். நான் எனக்காகச் சொல்லல. ஒரு மாசம் பூட்டிக் கிடந்தா கடையை வேற ஆளுக்குக் கொடுக்கணும்னு விதி இருக்கு. மொதல்ல கேட்டு வெச்ச ஆளு நான்.”

முத்தவல்லி விறுவிறுவென்று பக்கத்துக் கடைக்குள் நுழைந்தார். டைலரைத் துணி மூட்டைகளோடு கையும் களவுமாகப் பிடிக்கும் எண்ணம்.

ஒரு துண்டுத் துணிகூட இல்லை. மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. வாட்ச்காரர் கண்ணில் மாட்டும் லென்ஸ் அதன் இடத்தில் இருந்தது. சுவர்க் கடிகாரங்கள் எல்லாம் சரியான நேரம் காட்டி ஓடிக்கொண்டிருந்தன.

“இந்தக் கடிகாரங்களுக்கு நீயா சாவி கொடுக்கறே?”

“ஆமாண்ணே. வேற எதையும் தொடறதில்ல. அவரு சம்சாரம்தான் கடைச் சாவியைக் கொடுத்தாங்க. கை திரும்ப வந்துடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வந்து உட்கார இடமில்லைன்னா மனுஷன் நொடிஞ்சு போயிருவாரு.” “பூட்டிக் கிடந்தாத்தானேண்ணே எடுத்துக்குவீங்க?”

முத்தவல்லி சுவர்க் கடிகாரங்களைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

செல்போன்காரன் விடுவதாக இல்லை. “ஷட்டரைத் தூக்கினா ஆச்சா? தொழில் நடக்கணும்ல? ஒரு வேலையாவது வந்திருக்கா, கேளுங்க!”

“நியாயமான கேள்விதான்,” என்றார் முத்தவல்லி.

டைலரின் முகம் செத்துப்போனது.

முத்தவல்லி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அந்த லென்ஸ் பக்கத்தில் வைத்தார்.

“ரொம்ப நாளா சர்வீஸ் பண்ணல. வாட்ச்காரர் கையாலதான் பண்ணணும். அவசரமில்ல, அவரு வந்து பாக்கட்டும்.”