அக்கா புருசன்

“இப்பவா? மாப்புள வூட்டுக்காரங்க முன்னாடியா?” அழாக்குறையாகச் சொன்ன செங்கமலம், தன் கணவன் தர்மனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பெரம்பலூரில் கிளம்பிய பஸ் அரியலூருக்குப் பாதி தூரம்கூட வரவில்லை. ரெட்டிபாளையத்தில் அவள் தங்கை வீராயிக்கு அன்றைக்குப் பரிசம் போடுகிறார்கள். மூன்று இடம் தட்டிப்போய் நாலாவதாக அமைந்த இடம். மாப்பிள்ளையின் அப்பா நல்லுசாமி இரண்டு சீட் முன்னால்தான் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தர்மன் எழுந்து தள்ளாடினான். “எவனும் என் பொண்டாட்டியப் பாக்காதீங்கடா” என்று கத்திவிட்டு, பொத்தென்று அவள் மேலேயே விழுந்தான். மேல்துண்டால் அவள் முகத்தை மூடி, அவளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான்.

வேடிக்கை என்று வந்துவிட்டால் பஸ்ஸில் நிற்கிறவனுக்குக்கூடக் கால் வலிக்காது. ஆளாளுக்கு நியாயம் பேச வந்துவிட்டார்கள்.

“சாராயக் கடையத் தொறந்து வுட்டாலும் வுட்டாங்க, பொம்பளைங்க நிம்மதி போச்சு” என்றாள் கூடைக்காரி ஒருத்தி. “அந்தப் பொண்ணப் பாருங்க, வெக்கத்துல பேச்சு மூச்சே இல்ல.”

கண்டக்டர் குனிந்து மோந்து பார்த்தார். “வாடையே காணோம். எந்தக் கடைச் சரக்குய்யா இது? மொதல்ல எறங்கு.”

நல்லுசாமி எழுந்து வந்தார். தர்மன் இருந்த இடத்திலிருந்தே ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டான். “மாமா, வீராயிய வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“அக்கா புருசன் குடிச்சா அந்தப் புள்ள என்ன பண்ணும்? பொண்ணு எங்களுக்கு வேணும். ஆனா நீ பரிசத்துக்கும் வரக் கூடாது, கல்யாணப் பந்தல் பக்கமும் தல காட்டக் கூடாது.”

“வரலிங்க மாமா. சத்தியமா வரலிங்க.”

“நீ மட்டும் எங்களோட வாம்மா” என்று அவர் செங்கமலத்தைக் கூப்பிட்டார். தர்மன் அவளை விடவில்லை.

கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் நின்றது. தர்மன் அவளைக் கட்டிப்பிடித்தபடியே படியில் இறங்கினான். ஜன்னல் வழியாக நாலு பேர் நாலு வசவு போட்டார்கள், பஸ் போய்விட்டது.

புளியமர நிழலில் சற்று நேரம் கழித்துத்தான் செங்கமலம் கண்ணைத் திறந்தாள். பஸ்ஸைக் காணோம், மாப்பிள்ளை வீட்டாரைக் காணோம். அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“எல்லாரும் போயிட்டாங்களா? என்னால அவ கல்யாணம் நின்னுபோச்சா?”

தர்மன் துண்டால் அவள் வாயோரத்தைத் துடைத்தான்.

“நிக்கல புள்ள. ஒனக்கு வலிப்பு வந்தத ஒருத்தரும் பாக்கல.”