அப்பச்சி போன தண்ணி

"மோரிப்புக்கே போயிடலாம் இந்திரா. அங்கயும் கடல்தானே?"

காரை எடுத்ததிலிருந்து சோலையப்பன் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்தில், மடியில் ஆத்தாவின் அஸ்திச் சட்டியோடு உட்கார்ந்திருந்த தங்கை இந்திராவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆத்தா என்ன சொன்னாங்க? 'அப்பச்சி போன தண்ணியிலேயே என்னையும் விட்டுடுங்க'ன்னு சொன்னாங்களா இல்லையா? கடைசியா வாய் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான்."

அந்த வீட்டில் அம்மாவை ஆத்தா என்றும் அப்பாவை அப்பச்சி என்றும்தான் கூப்பிடுவார்கள். அப்பச்சியின் அஸ்தியைக் கரைத்தது போர்ட் கிள்ளான் துறைமுகத்தைத் தாண்டி ஒரு சின்னப் படகுத்துறையில். சுற்றிலும் சேற்றில் வேர்விட்டு நின்ற பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள். அன்றைக்கு முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு சோலையப்பன் குழந்தை மாதிரி அழுதார்.

"அந்தப் பக்கம் ஒரே ஜேமா இருக்கும்லா. எல்லாம் லோரி."

"இருக்கட்டுமே. பெத்தவளைக் கரைக்கக்கூடவா அவசரம்?"

அவர் கியரை மாற்றினார். பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு, பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம். கடலையும் கரையையும் எப்படிக் காப்பாற்றுவது என்று ரேடியோவில் மணிக்கணக்காகப் பேசுகிறவர். பெற்ற தாயின் அஸ்தியை வைத்துக்கொண்டு டிராஃபிக்கைப் பற்றிக் கவலைப்படுகிறார். படித்தவர்களுக்கு மனசு மரத்துத்தான் போய்விடுகிறது.

படகுத்துறை இருந்த இடத்தில் ஒரு பெரிய கேட் நின்றது. உள்ளே கண்ணுக்கு எட்டிய மட்டும் சிமெண்டுத் தரை. அதன்மேல் அடுக்கடுக்காகக் கண்டெய்னர்கள். ஒரு மரம் மிச்சமில்லை. கடலையே காணோம்.

காரை விட்டு இறங்கிய இந்திரா அப்படியே நின்றுவிட்டாள். சோலையப்பன் சட்டியை வாங்கிக்கொண்டார். மகன்தானே ஏந்த வேண்டும்.

"அக்கா, இங்க நிக்கக் கூடாது. லோரி திரும்பும்." கேட்டில் இருந்த காவலாளி ஓடி வந்தார். சட்டைப் பையில் நாகையா என்று பெயர் தைத்திருந்தது.

"அண்ணே, இங்க ஒரு படகுத்துறை இருந்துச்சே?"

"இருந்துச்சு. மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க."

"எங்கப்பாவை இங்கதான் கரைச்சோம். அம்மாவையும் இங்கேயே விடணும். அஞ்சு நிமிஷம் உள்ள போயிட்டு வந்துடறோம்."

"முடியாதுக்கா. கம்பெனி ரூல். உள்ள விட்டா என் வேலை போயிடும்."

"உங்க வீட்டுல சாவே விழாதா? சாம்பலோட வந்து நிக்கிறவங்களை விரட்டுறீங்களே, நீங்களும் ஒரு மனுஷனா?"

நாகையா தலை குனிந்தார். "வாராவாரம் யாராச்சும் சட்டியோட வராங்கக்கா. எல்லாரும் என்னைத்தான் ஏசிட்டுப் போறாங்க. நானா மூடினேன்?"

"அப்போ மூடச் சொன்னது எந்தப் பாவி? கடலை மூடுறதுக்கு முன்னால எத்தனை மீன் சாகும், எத்தனை மரம் சாகும்னு கணக்குப் பார்ப்பாங்களாம். செத்துப்போன மனுஷங்க கணக்குல கிடையாதா?"

"இந்திரா, சத்தம் போடாதே. வா, போயிடலாம்."

"நீங்க பேசுங்கண்ணே! கடலைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்க மாட்டாங்களா?"

சோலையப்பன் சட்டியில் கட்டியிருந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி வேர்த்திருந்தது.

இந்திரா அழ ஆரம்பித்தாள். நாகையாவுக்குத் தாங்கவில்லை. "அழாதீங்கக்கா. மேனேஜர் நம்ம தமிழர்தான். கேட்டுப் பார்க்கிறேன்."

"வேணாம்ணே!" சோலையப்பன் பதறினார். "மேனேஜரையெல்லாம் கூப்பிடாதீங்க. நாங்க போயிடறோம்."

இந்திராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு கோழையா? "நீங்க கூப்பிடுங்கண்ணே. இவர் கிடக்கிறார்."

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. வெள்ளை ஹெல்மட்டோடு இறங்கினார் மேனேஜர் ராதாகிருஷ்ணன். முறைத்துக்கொண்டு வந்தவர், சோலையப்பனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானார். கையிலிருந்த சட்டியைக் கண்டதும் சட்டென்று சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"டாக்டர்! நீங்களா? அம்மாவா? சாரி டாக்டர். நாகையா, கேட்டைத் திற. இவரை யாருன்னு நெனச்சே?"

இந்திராவுக்கு உயிர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பார்த்தீங்களாண்ணே? உங்க மரியாதை உங்களுக்கே தெரியல."

"கடைசி வரைக்கும் போனா கல்சுவர் இருக்கு. அதுமேல நின்னு தூவிடலாம். கடல் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். ஹெல்மட் மட்டும் போட்டுக்கணும், ரூல்ஸ்" என்றார் ராதாகிருஷ்ணன்.

"ரொம்ப நன்றிங்க. வேற யாருக்கும் திறக்காத கேட்டை எங்களுக்காகத் திறக்கிறீங்க."

"என்னக்கா இப்படிச் சொல்லிட்டீங்க? டாக்டர் இல்லேன்னா இந்த யார்டே இல்ல. படகுத்துறையை மூடக் கூடாதுன்னு மீன்பிடிக்கிறவங்க மீட்டிங்ல கத்தித் தீர்த்துட்டாங்க. டாக்டர் மைக்கைப் பிடிச்சுச் சொன்ன பிறகுதான் அடங்கினாங்க. 'நான் வருஷக்கணக்கா இந்தக் கரையை ஆராய்ச்சி பண்றவன். இங்க மனுஷங்க யாரும் வர்றதே இல்ல'ன்னு."

கேட் திறந்துகொண்டது. யாரும் உள்ளே போகவில்லை.

இந்திரா அண்ணன் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்காமல் நாகையா பக்கம் திரும்பினாள்.

"மோரிப்புக்கு இங்கேருந்து டாக்சி கிடைக்குமாண்ணே?"