கேடயக்காரி

பகடை உருட்டி ஆடும் மாயலோக விளையாட்டுக்கு நோலன் புதிதாக ஒரு பாத்திர வகையை உருவாக்கியிருந்தான். பெயர் கேடயக்காரி. கூட்டாளிகளுக்கு விழும் வெட்டுகளையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்வாள்.

சோதனை ஆட்டத்தில் உருவாக்கியவன் இருக்கக்கூடாது. ஆடியவர்கள் பெயர் போடாமல் கருத்து எழுத வேண்டும். மேடிசன் நகரில் அவர்கள் விளையாட்டுக் குழுவின் வழக்கம் அது.

ஆட்டத்தை நடத்திய வெண்டல், கேடயக்காரியாக ஆடியவரின் தாளை நோலனுக்கு வாசித்துக் காட்டினான்.

"மூன்று மணி நேரம் சும்மா இருந்தேன். யாருக்காவது அடிபட்டால்தான் எனக்கு வேலை. இவளுக்கென்று ஓர் ஆசையாவது எழுதுங்கள்."

"நம்ம கிரெக்தானே ஆடினான்? அந்தத் தடியனுக்கு வாளைச் சுழட்டினாத்தான் ஆட்டம்," என்றான் நோலன். "இவ என் பொண்டாட்டி லொரேன்டா. பதினோரு வருஷமா என்னைத் தாங்குறா. அவளுக்கு நன்றியாத்தான் இதைச் செஞ்சேன்."

வெண்டல் தாளை அவனிடம் நீட்டினான்.

"கிரெக் வரலைடா. ஆள் குறையுதுன்னு லொரேனைத்தான் கூப்பிட்டேன்."

நோலன் தாளை வாங்கிப் பார்த்தான். அவள் கையெழுத்துதான்.

பென்சிலை எடுத்துக் கேடயக்காரியின் குறிப்பில் 'ஆசை' என்று எழுதினான். லொரேனின் ஆசை என்னவென்று யோசித்தான்.

ஒன்றுகூடத் தெரியவில்லை.